வாழைத்தாரின் மேல் போட்ட பழி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் ஒருநாள், காலை பதினொன்றேகாலிலிருந்து பிற்பகல் வரை, ஒரு வாழைத்தார் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் போல்ட் முறுக்கும் வேலை, வீடு புதுச்சத்திரம். இரத்த அழுத்தத்துக்கு நாலு வருடமாக மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்கள் சிறுநீரகத்தையும் இரத்தத்து உப்புகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். அந்தச் சீட்டைப் பைக் பெட்டியில் வைத்து மூன்று மாதம் ஊர் சுற்றிக் காட்டினேன். கடைசியில் என் மனைவி சரசு கையில் அது சிக்கியது.

எங்கள் ஊர் லேபில் இரத்தம் எடுப்பவர் பிரேமா. என்கூடப் படித்தவனின் மகள். ஊசியைப் பிரிக்கும் முன் கேட்டாள்:

“அண்ணா, உங்க பேரும் வயசும் நீங்களே சொல்லுங்க.”

“ஏன் அம்மணி, என்னைத் தெரியாதா?”

“தெரியுமுங்ணா. இருந்தாலும் நீங்க சொல்லோணும்.”

“பேரு சிங்கம். வயசு பதினாறு.”

பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். முத்துசாமி, ஐம்பத்திரண்டு என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டியதாயிற்று. சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு டூர்னிக்கெட்டைக் (நரம்பு தெரிய மேல்கையில் இறுக்கும் ரப்பர் பட்டை) கட்டினாள். கட்டியதும் நான் கையை மூடித் திறந்து, மூடித் திறந்து, இருப்புப்பாதைக்குப் போல்ட் போடுகிறவன்போல் ஆரம்பித்தேன்.

“கைய மூட வேண்டாமுங்ணா. சும்மா தொறந்து வைங்க.”

“நரம்பு உனக்குத் தெரியோணுமில்ல? ஒத்தாசை பண்றேன் அம்மணி.”

பட்டையை அவிழ்த்தாள். சற்று நேரம் விட்டுத் திரும்பக் கட்டினாள். திரும்பவும் சொன்னாள். நானும் திரும்பவும் ஒத்தாசை பண்ணினேன். இரத்தம் வந்தது. குழாயில் என் கண்முன்னாலேயே பெயர் ஒட்டி, சரிதானா என்று என்னையே படிக்கச் சொன்னாள். பிறகு பதிவேட்டில் ஏதோ எழுதினாள். எனக்கென்ன, பஞ்சை அமுக்கியபடி வெற்றிவீரனாக வெளியே வந்தேன்.

பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது. “அண்ணா, பிரேமா பேசறனுங்க. உங்க பொட்டாசியம் ஆறு புள்ளி ஆறுன்னு வந்திருக்குது. அஞ்சுக்குள்ளதான் இருக்கோணும். பதறாதீங்க, ஆனா...”

‘பதறாதீங்க’ காதில் விழுந்த அதே நொடியில் நான் பதறி முடித்து, போனையும் வைத்துவிட்டேன். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பிற்பகலில்தான் தெரிந்தது.

பொட்டாசியம் (தசையும் இதயமும் இயங்கத் தேவையான உப்பு) அளவு மீறினால் இதயம் நிற்கலாம் என்றது கைப்பேசி. எதில் அதிகம் என்று தேடினேன். பட்டியலில் தலைமை தாங்கியது வாழைப்பழம். கூடத்து மூலையைப் பார்த்தேன். சரசுவின் தம்பி சேகர் மோகனூர்த் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து சாத்திய தார், பாதிதான் மிச்சம். மறுபாதி எனக்குள்!

அடுத்த பத்து நிமிடத்தில் சேகரின் காரில் இருந்தேன். பின்சீட்டில் சரசு, அவள் தோளில் என் தலை.

“மாப்ள, மெதுவா ஓட்டு. இதயம் குலுங்குது.”

“மெதுவா ஓட்டுனா போய்ச் சேர முடியாது மச்சான்.”

“போய்ச் சேர்றதப் பத்தி இன்னைக்குப் பேசாத!”

முட்டை லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. அத்தனை முட்டையும் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் உடையப் போகிறேனே என்று கண் கலங்கியது. பாவத்தை இறக்கி வைத்தேன். “சரசு, காலைல வெறும் வயித்துல போகல. டீக்கடைல ரெண்டு போண்டா தின்னேன்.”

“தெரியுமுங்க. சட்டையில சட்னி இருந்துச்சு.”

மருத்துவமனையில் என்னைப் படுக்க வைத்து மார்பில் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பை வரையும் சோதனை) ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி வாழைப்பழத்தைப் பற்றியது இல்லை.

“இரத்தம் எடுக்கறப்ப கைய இறுக்கி மூடினீங்களா?”

“லேசா, டாக்டர்.”

“லேசாவா?” என்றாள் சரசு. “இவரு கை குடுத்தா அடுத்தவங்க மோதிரம் நசுங்குமுங்க.”

பட்டை கட்டிய கையை அழுத்தி மூடித் திறந்தால் அங்குள்ள தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, எடுக்கிற இரத்தத்தில் சேர்ந்துவிடுமாம். தாளில் ஏறும், உடம்பு முழுக்க ஏறியிருக்காது. “பொய்க்கணக்கா இருக்கலாம். மெய்யா இருந்தா அவசரம். அதனால இப்பவே பாத்துடலாம்,” என்றார்.

என்னைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: என் கதையைப் படித்துவிட்டு உங்கள் ஆறு புள்ளி ஆறும் பொய்தான் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓடுங்கள். நான் ஓடியது மட்டும்தான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம்.

நர்ஸ் ஊசியோடு வந்தார். என் விரல்கள் தாமாகவே மடங்கின. சரசு ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தன் உள்ளங்கையை என் உள்ளங்கைக்குள் வைத்துவிட்டாள். அதை எப்படி நசுக்குவது? படுக்கை அருகிலேயே சோதனை செய்யும் சின்னக் கருவிக்குள் இரத்தம் போனது. இரண்டு நிமிடம் என்றார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு லாரிக்கே பாடி கட்டி, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கலாம்.

நாலு புள்ளி நாலு. ஈசிஜியும் சரி.

நான் எழுந்து நின்று நர்ஸுக்கு வணக்கம் வைத்தேன், கருவிக்கும் வைத்தேன். அந்த நேரத்தில் சேகர் வெளியே போய் லேப் முதலாளிக்குப் போன் போட்டு, தப்பான ரிப்போர்ட், நுகர்வோர் நீதிமன்றம், வக்கீல் நோட்டீஸ் என்று முழங்கிவிட்டு வந்தான். “அந்தப் புள்ளைய இன்னைக்கே நிறுத்தறேன்னுட்டாரு மச்சான்,” என்றான் பெருமையாக.

எனக்கு வந்த சந்தோஷம் அப்படியே வற்றியது. நேராக லேபுக்கு வண்டியை விடச் சொன்னேன்.

பிரேமா பையை எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். முதலாளி மேசையில் பதிவேடு விரிந்து கிடந்தது. காலை எட்டு மணிக்கு நேராக: ‘பட்டை கட்டியபின் நோயாளி கையைத் தொடர்ந்து மூடித் திறந்தார். இருமுறை வேண்டாம் எனச் சொல்லப்பட்டது. பொட்டாசியம் கூடுதலாக வந்தால் மறு மாதிரி தேவை.’ அதன் கீழே பதினொன்றேகால்: ‘தொலைபேசியில் தெரிவித்தேன். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும், இரத்தம் மீண்டும் எடுக்க வேண்டும் என்றும் சொல்லுமுன் வைத்துவிட்டார். மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.’

அந்த மூன்று அழைப்பையும் வெட்டிவிட்டு நான் வாழைப்பழத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“நடந்தத நடந்த நேரத்துல எழுதோணும், நாளைக்குக் கேஸுன்னு வந்தா அதுதான் பேசும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க,” என்றாள் பிரேமா. “ஆனா நீங்க கைய மூடுனதப் பாத்தும் அந்த இரத்தத்தையே அனுப்பினேன். வேற கையில புதுசா எடுத்திருக்கோணும். அது என் தப்புதானுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். “இவ எழுதுனது நெசமுங்களா? இல்ல பின்னால எழுதிச் சேத்ததா? நீங்க சொல்றதுதான் முடிவு.”

சேகர் என் முழங்கையில் இடித்தான். எனக்கு வாயில் ஒரு நகைச்சுவை வந்தது. சொல்லியும் விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிரேமா பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பேனா குடுங்க,” என்றேன்.

பிரேமா இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். பெயரும் வயதும் கேட்காமலே சொல்கிறேன். பட்டையைக் கட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுவார்களாம். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று இப்போது எனக்குத் தெரியும். கட்டியதும் ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல என் விரல்களைப் பார்க்கிறேன். அவை மடங்கப் பார்க்கும். விரித்து வைக்கிறேன்.

வாழைப்பழமும் தினம் ஒன்று உண்டு, டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான்.

அன்று பதிவேட்டில் பிரேமாவின் வரிகளுக்குக் கீழே நான் எழுதியது இது: ‘மேலே உள்ளது உண்மை. கையை மூட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்கள். மூடினேன். நரம்பு தெரியட்டும் என்று மூடவில்லை. எனக்கு ஊசி என்றால் பயம். முத்துசாமி, வயது 52.’