பௌர்ணமியன்று மாடலாக உட்கார்ந்தேன்

சாமியாரை நம்பிப் பௌர்ணமியன்று வேலை வைத்தது எங்கள் வீட்டு ஷெட்டில் தங்கிச் சிற்பம் செய்கிற பெண்ணின் தவறு. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், "நாளைக்கு ஒரு பகல் மட்டும் மாடலா உக்காருங்க சாமி, உங்க முகத்த மண்ணுல செய்யணும்" என்று பேசிவிட்டு வந்திருந்தாள். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று வழியெல்லாம் அன்னதானம். சுடச்சுடப் புளியோதரையும் கேசரியும் கொடுக்கிற நாளில் எந்தச் சாமி ஷெட்டுக்குள் வந்து அசையாமல் உட்காரும்? வெயில் ஏறியும் ஆளைக் காணோம்.

செங்கம் ரோட்டில் எங்கள் வீடு. மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பின்னால் இருக்கும் ஷெட்டை மட்டும் சிற்பம், ஓவியம் படிக்கிற, படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். "கார் நிறுத்தற எடத்துல மண்ணக் கொட்டி வச்சிருக்க" என்று என் வீட்டுக்காரர் புலம்புவார். எங்களிடம் கார் கிடையாது. கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் இந்தப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய இடமில்லாமல் போய்விடுகிறது. வாடகை வீட்டில் மண்ணைப் பிசைந்தால் எந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பார்? என்னால் முடிந்தது ஒரு கூரை, மதியச் சாப்பாடு, அதோடு தாராளமாகத் திட்டு.

அந்தப் பெண் நான்கு வருடம் சிற்பம் படித்தவள். மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒருவரை நேரில் உட்காரவைத்துச் செய்த தலையின் படங்களை அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். மற்றதெல்லாம் தயார். இது இல்லாவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்களாம். இதோ அழப்போகிறேன் என்கிற முகத்தோடு என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் உக்காரட்டா?" என்றேன்.

"உங்களால சும்மா இருக்க முடியாதுக்கா."

உண்மைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் நான். ஆனாலும் அவள் அப்படிச் சொன்ன பிறகு விட முடியுமா? வீம்புக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கம்பிக் கூட்டின்மேல் மண்ணை அப்பி, ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பி வேலை செய்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. என் மூக்கு அவ்வளவு பெரியது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாண்டைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு வாயை ஆரம்பித்தாள். "இப்ப பேசினா தாடையே மாறிடும்க்கா. முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அவளுடைய அப்பா. அந்தச் சரக்கு வண்டிதான் அவர் தொழில்.

"இன்னாம்மா, இன்னும் ரெடியாவலியா? கொஞ்ச நேரத்துல போலீஸு ரோட்ட அடைச்சிடுவாங்க. அப்புறம் காலைல வரைக்கும் வண்டி நவுராது. சாமான ஏத்து."

வேங்கிக்காலில் அவர் மச்சான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். மறுநாளிலிருந்து இவள் அங்கே டிசைனர் என்று அவர்களுக்குள் பேச்சு.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டேனேப்பா" என்றாள். கை நிற்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. ஏசி ரூமு. உக்காந்த எடத்துல கம்ப்யூட்டர் வேல. அத்த வுட்டுட்டு இன்னும் ரெண்டு வருசம் மண்ண பெசையப் போறேன்றா. இவள நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. நான் சொல்றதுல இன்னா தப்பு?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. காதுகுத்துப் பேனரில் மாமன் தலையை வெட்டி ஒட்டவா இவள் நான்கு வருடம் படித்தாள்? ஆனால் அவள் கட்டைவிரல் மண் உதட்டின் ஓரத்தில் இருந்தது. "அக்கா..." என்றாள், கெஞ்சுகிற குரலில். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பாரு, அவங்களே ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேசினால் தலை கெடும். பேசாவிட்டால் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு கோபத்தை வாய்க்குள் வைத்திருந்ததே இல்லை. அவரோ நான் ஒத்துக்கொண்ட தைரியத்தில் சாமான்களை ஏற்றத் தொடங்கிவிட்டார். துணிப்பெட்டி போனது. பிளாஸ்டர் மூட்டை போனது. உளிகள் இருந்த பை போனது. ரோட்டில் போலீஸ் ஜீப் மைக்கில் வண்டிகளை விரட்டிக்கொண்டே வந்தது.

அவள் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். பிறகு, அதுவரை செய்திருந்த வாயை மொத்தமாகச் சுரண்டி எடுத்துக் கீழே போட்டாள். இருக்கிற கொஞ்ச நேரத்தில் இவள் என்ன காரியம் செய்கிறாள்? கேட்கவும் முடியாது. புது மண்ணை அப்பி அழுத்தினாள், இழுத்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் மேலுதட்டில் வியர்வை நின்றது.

ஷெட் காலியானதும் அப்பா திரும்பி வந்தார். மிச்சம் ஸ்டாண்ட் ஒன்றுதான். "போதும்மா, இத்தையும் மூடு" என்று அதன்மேல் கை வைத்தார்.

"முடிஞ்சிடுச்சிப்பா" என்று அவள் விலகி நின்றாள்.

நான் இருந்த இடத்திலிருந்து மண் தலையின் பின்பக்கம்தான் தெரிந்தது. அவர் முகம் தெரிந்தது. மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மண்ணைப் பார்த்தார். கை தானாக ஸ்டாண்டை விட்டது.

"எம்மேல இவ்ளோ கோவமாம்மா உங்களுக்கு?"

அவளைப் பார்த்தேன். பேசலாம் என்று தலையசைத்தாள். சேர்த்து வைத்ததில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "ஆமாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சாமான்களோடு போகிறார், இவளையும் இப்போது கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். வண்டி பின்னால் நகர்ந்து எங்கள் கேட்டுக்குள் நுழைந்து நின்றது. வெளியே போலீஸ்காரர்கள் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பை இழுத்தார்கள்.

அவள் அவசரமாகப் படம் எடுக்கத் தொடங்கினாள். நான் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் மண் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

அப்பா வாசலில் வந்து நின்றார். "இந்தப் படிப்பு கெடைக்கலன்னா கடைக்கு வந்துடணும்."

"சரிப்பா."

"வாயால பேசியிருந்தீங்கன்னா, நானும் பதிலுக்குப் பேசிட்டு இவள இட்டுக்கினு போயிருப்பேன்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஏற்றிய மூட்டைகளை இறக்கப் போனார்.