வாசலில் சொல்லும் சொல்

ஹில்க்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. வடக்கே ஒரு பனி நாட்டில் பால் டேங்கர் லாரி ஓட்டுகிறாள். அவள் பால் எடுக்கும் பண்ணைகளில் முக்கால்வாசி, கட்டுப்பாடு மிகுந்த ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்களுடையவை. அங்கெல்லாம் அவளுக்குக் காபி உண்டு, ஏலக்காய் பன் உண்டு, பனியில் சக்கரம் சிக்கினால் இழுத்துவிட டிராக்டர் உண்டு. ஒரே ஒரு சொல்தான் கிடையாது.

சபைக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டால் கையைப் பிடித்து, "கர்த்தரின் வாழ்த்து" என்பார்கள். வெளியாளைக் கண்டால் வெறும் "வணக்கம்". திட்ட மாட்டார்கள், கதவைச் சாத்த மாட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இந்தச் சொல்லை வைத்தார்கள் என்றால், ஆள் உயிரோடு இருக்கும்போதே வழியனுப்பிவிட்டார்கள் என்று பொருள்.

ஹில்க்காவை அவளுடைய இருபத்தாறாவது வயதில் வழியனுப்பினார்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் ஐந்தாவது அவள். கூடப் பிறந்தவர்களுக்கெல்லாம் கல்யாணமாகி வீடு நிறையப் பிள்ளைகள். உனக்கு எப்போது, எப்போது என்று எல்லோரும் துளைத்தெடுக்க, ஒருநாள் போட்டு உடைத்துவிட்டாள்.

"எனக்கு ஆம்பளைங்க மேல ஆசை வரல. பொண்ணுங்க மேலதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாளே சபை மூப்பர்கள் மூன்று பேர் வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் தௌனோ என்பவர்தான் கேட்டார்: "மனம் திரும்பறியாம்மா?"

"எதுலேருந்து திரும்பணும்னு சொல்லுங்க, திரும்பறேன்" என்றாள் ஹில்க்கா. அவளுக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

அப்பா ஆர்வியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஜெபக்கூடத்தில் நாற்பது வருடம் பிரசங்கம் செய்த மனிதர் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது வழக்கம்போலக் கையை நீட்டினார். "வணக்கம், ஹில்க்கா" என்றார். அந்த வணக்கத்துக்கு இப்போது இருபத்திரண்டு வயது.

ஹில்க்கா இதையெல்லாம் சொல்லித் திரிகிறவள் இல்லை. ஆனால் தன்னோடு பதினோரு வருடமாக வாழும் செய்யாவிடம் ஒருமுறை சொல்லி அழுதிருக்கிறாள். "எனக்கு சபையும் வேணாம், பிரசங்கமும் வேணாம். அப்பா வாயால அந்த ஒரு சொல்லு வந்தாப் போதும்."

செய்யா தென்பக்கத்துக்காரி. மாடுகளுக்குக் குளம்பு சீவுவது அவள் தொழில். "கிழவருக்கு எண்பத்தஞ்சு ஆகப்போகுதுடி, எப்ப வாங்கப்போற?" என்றாள்.

அந்த எண்பத்தைந்தாவது பிறந்தநாள் பிப்ரவரியில் வந்தது. ஜெபக்கூடத்தில் விருந்து. மூத்தவள் அவுனே அக்கா போன் செய்தாள். குடும்பத்தில் எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

"வா. ஆனா தனியா வா. புரியுதா?"

"மைனஸ் இருபத்தஞ்சு டிகிரி குளிர். என் கார் கிளம்பாது. செய்யா கொண்டுவந்து விடுவா."

"விடட்டும். விட்டுட்டு வெளியவே இருக்கட்டும்."

வாசலிலேயே அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கையும் வாழ்த்தும். ஹில்க்காவின் முறை வந்தது. "வணக்கம், ஹில்க்கா." "வணக்கம்பா." அவள் நேராகக் கேக் வெட்டப் போய்விட்டாள்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. செய்யா! பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்குவாள். மூக்கு சிவந்து, தலையில் கம்பளித் துணி கட்டி, குளிருக்காகப் பேண்டின் மேலேயே நீளப் பாவாடை மாட்டி நின்றாள். மாடு இழுத்துவிடும் என்று அவள் தோடு போடுவதில்லை. உதட்டுச் சாயம் எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. முடியை இழுத்துக் கொண்டை. சபைப் பெண்களும் தோடு, சாயம் எதையும் தொடமாட்டார்கள். பார்த்தால் அசல் சபைக்காரி, வீட்டில் ஒன்பது பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் மாதிரி!

ஆர்வி முகம் மலர்ந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கர்த்தரின் வாழ்த்து! எந்த ஊர்ச் சபைம்மா?"

"கர்த்தரின் வாழ்த்து, பெரியவரே" என்றாள் செய்யா மரியாதையாக. "கழிப்பறை எந்தப் பக்கம்?"

அவள் அந்தப் பக்கம் ஓடியதும் அவுனே பாய்ந்து வந்தாள். "அப்பா! என்ன காரியம் பண்ணிட்டீங்க! அது ஹில்க்காவோட... அவ!"

"யாரு அவ?"

"அவதான்பா!"

கூடத்தில் எல்லோர் தலையும் திரும்பியது. மூப்பர் தௌனோ கிட்டே வந்து குனிந்தார். "தெரியாமச் சொல்லிட்டே, ஆர்வி. அந்தப் பொண்ணு வந்ததும் வணக்கம்னு மாத்திச் சொல்லிடு. முடிஞ்சுபோச்சு."

"எப்படி மாத்தறதாம்?" என்றார் ஆர்வி. "குடுத்த வாழ்த்தைப் பிடுங்கற வழக்கம் நம்மகிட்ட உண்டா? நாப்பது வருஷம் பிரசங்கம் பண்ணினேன், எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு."

தௌனோவுக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு வழக்கம் யாருக்குமே இதுவரை தேவைப்பட்டதில்லை.

செய்யா வெளியே வந்தாள். நூற்றைம்பது பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு திகைத்தாள். "என்னாச்சு? தண்ணியெல்லாம் ஒழுங்கா ஊத்திட்டுத்தான் வந்தேன்."

ஆர்வி சத்தமாகச் சிரித்துவிட்டார். "உக்காரும்மா. காபி குடி."

அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் மாட்டுக் குளம்பைப் பற்றியே பேசினார்கள். அவரும் வாழ்நாளெல்லாம் மாடு வளர்த்தவர்தான். ஹில்க்கா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. முன்பின் தெரியாதவளுக்குக் கிடைத்தது, பெற்ற மகளுக்கு இல்லையே!

கிளம்பும் நேரம் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா எதிரே வந்து நின்றாள். அப்பா எழுந்தார். எழ அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கையை நீட்டினார், வாயைத் திறந்தார், மூடினார்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கையாலயும் குடுத்தேன்" என்றார். "கூரை இடியல. காபிகூட ஆறல. உனக்கு மட்டும் இருபத்திரண்டு வருஷமா..."

"சபை கேள்வி கேக்கும், ஆர்வி" என்றார் பின்னாலிருந்து தௌனோ.

"கேக்கட்டும். வரச்சொல்லு, காபி போட்டு வைக்கறேன்." அவர் மகள் கையை இறுகப் பிடித்தார். "கர்த்தரின் வாழ்த்து, ஹில்க்கா."

ஹில்க்காவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனால் அந்த நீள வாய் சும்மா இருக்குமா? "அப்பா, அது வரும்போது சொல்றது. போகும்போது கர்த்தரின் சமாதானம்னுல்ல சொல்லணும்."

ஆர்வி தலையாட்டினார். பிறகு கதவைக் காட்டினார்.

"அப்போ வெளிய போய் மறுபடி உள்ள வா."

அவள் போனாள். பனியில் நின்று கதவைச் சாத்தினாள். உள்ளே யாராவது அவர் மனதை மாற்றிவிடுவார்களோ என்று உடனே திறந்துவிட்டாள். அப்பா கையை நீட்டியபடியே நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் செய்யா.

"கர்த்தரின் வாழ்த்து, ஹில்க்கா."

"கர்த்தரின் வாழ்த்துப்பா."

"கதவைச் சாத்துடி, குளிர் வருது!" என்று கத்தினாள் அவுனே, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

ஹில்க்கா சாத்தினாள், உள்ளே நின்றபடி.