தவளக்குப்பத்தில் இருந்த என் பெயர்

போன வருடம், ஆடி முடிந்த சமயம். புதுச்சேரியில் சாரம் பகுதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடே விலைக்கு வந்தது. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். என் கடன் அறிக்கையைத் திரையில் பார்த்த அதிகாரி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இறந்துட்டதா இதுல இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் வாங்கவே வாங்காத தையல் மெஷின் கடன் ஒன்று பாக்கியில் நின்றது. தவளக்குப்பத்து முகவரி. கூடவே, கடன் வாங்கியவர் காலமானார் என்று ஒரு குறிப்பு. பெயரும் பிறந்த தேதியும் என்னுடையவை.

ஆன்லைனில் ஆட்சேபம் பதிவு செய்தேன். கடன் கொடுத்த நிறுவனம் தன் விவரம் சரிதான் என்று சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. அதாவது, நான் இறந்தது உறுதி! அன்று சமைக்கும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல், ஒரு ஞாயிறு மதியம் ஸ்கூட்டரில் அந்த முகவரிக்கே போனேன். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவைத் திறந்த மனிதர் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில், மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். அதன் கீழே என் பெயர். என் பிறந்த தேதி. பக்கத்தில் இன்னொரு தேதி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் உடைந்தது. "எம் பொண்டாட்டி கடன் அது. செத்தவ பேர்ல பாக்கி நிக்கக் கூடாதுன்னு எப்பவோ கட்டி முடிச்சிட்டேம்மா. இன்னும் இருக்குன்னா சொல்றாங்க? நானும் வரேன்."

மறுநாள் ரசீதோடும் மனைவியின் பான் கார்டோடும் அந்த நிறுவனத்துக்கு வந்தார். காத்திருந்தோம். உள்ளிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவரும் எழுந்து, சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வருவதுபோல. நானும் பார்த்தேன். யாரும் இல்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பான் எண்கள் வேறு வேறு என்று பார்த்த பிறகுதான், இருவர் விவரமும் ஒன்றாகக் கலந்துவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். சில வாரங்களில் அறிக்கை திருந்தியது. அவர் கட்டிய கடனும் முடிந்ததாகப் பதிவானது. வீட்டையும் வாங்கிவிட்டோம்.

ஆனாலும், படத்தில் மட்டுமே பார்த்த ஒரு பெண்ணை என்னிலிருந்து பிரித்து அனுப்பிவிட்டதைப்போல இருக்கிறது. இன்றும் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்ல ஒரு நொடி தயங்குகிறேன்.