காப்புக் கட்டுமுன் கிளம்பிய பானுமதி

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பானுமதி போண்டா தின்றுகொண்டிருந்ததை எதிர்வீட்டுச் சாலம்மாள் பார்த்தாள் என்றால் பார்த்தாள்தான். யார் இல்லை என்றது? அதை வைத்துக்கொண்டு, “பிரேசிலாம் பிரேசில், மாரண்டஹள்ளியத் தாண்டல” என்று குழாயடியில் கைகொட்டிச் சிரிப்பது நியாயமில்லை. பண்டிகை வேலைக்குப் பயந்து ஓடிப்போனாள் என்பது அதைவிட அநியாயம். பானுமதி ஓடவில்லை. பட்டப்பகலில், தலைவாசல் வழியாக, சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். விமானம் வெள்ளிக்கிழமை இருக்க, செவ்வாய்க்கிழமையே ஏன் போனாள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசட்டும்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கிறாளே, அதே பானுமதிதான். புருஷன் திருமால் லாரி டிரைவர். கட்டிக்கொண்ட நாள் முதல் அவர் ஊர் ஊராகப் போனார், இவள் டீசல் வாடை அடிக்கிற சட்டைகளைத் துவைத்தாள். ஒருமுறை அஸ்ஸாமுக்கு லோடு போய் வந்தவர், சாப்பாட்டில் கை வைக்காமல் பிரம்மபுத்திரா ஆற்றைப் பற்றியே பேசினார்.

“எதுத்த கரையே தெரியல பானு. ஆறுன்னு சொன்னாத்தான் ஆறு.”

“என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போங்க.”

“லாரியில பொம்பள எங்க உக்காருவ? சோறு போடு.”

சோறு போட்டாள். ஆனால் அந்தக் கரை தெரியாத ஆறு அவள் மனசை விட்டுப் போகவில்லை. இப்போது திருமாலுக்கு இடுப்பு வலி, லாரியை விட்டாயிற்று. கடையில் சட்னி அரைக்கிறார்.

மகள் சுசித்ராவைக் கம்பெனி ஒரு வருஷத்துக்குப் பிரேசிலுக்கு அனுப்பியிருந்தது. கார்த்திகையில் திரும்பிவிடுவாள். அதற்குள் அம்மாவை ஒருமுறை வரவழைத்துவிட வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள்.

“ஐப்பசியில வந்துரும்மா. எனக்கு லீவு. அத வுட்டா அப்பறம் நான் இந்தப் பக்கம் வரப்போறதில்ல, நீ எங்க வரப்போற?”

அன்றிலிருந்து தினமும் கடை மூடியதும் போனில் யோசனைதான். நம் நாட்டைவிடப் பெரிய நாடாம். இருக்கிற நாளுக்கு ஒரு மூலையைத்தான் பார்க்க முடியும் என்றாள் மகள்.

“பெரிய அருவி ஒண்ணு இருக்குதும்மா. எல்லாரும் அங்கதான் போவாங்க.”

“அருவி ஒகேனக்கல்லுலயே இருக்குது, கண்ணு. கரை தெரியாத ஆறு இருக்குதா?”

“அமேசான் இருக்குது. மறுபடியும் ஃப்ளைட்டு ஏறோணும். சூடு, கொசு. சாயங்காலமானா மழ.”

“கொசு நமக்குப் புதுசா? ஆத்துக்கே போடு.”

பக்கத்தில் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த திருமால், “வழியில டோல்கேட் எத்தன?” என்று கேட்டார். வானத்தில் ஏது டோல்கேட்? அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

அந்த நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் ஏதோ காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அதற்காகப் பானுமதி சென்னைக்குப் போய் வந்தாள். அவள் திரும்புவதற்குள், பானுமதிக்குப் பெரிய வியாதி, மெட்ராஸில் பார்க்கிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. சாலம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கவே வந்துவிட்டாள்! பானுமதி பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாள். பின்னே, கொடுத்ததை வேண்டாமென்பாளா?

டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்கப்புறம்தான் இடி விழுந்தது. மாசியில் நடக்கவேண்டிய மாரியம்மன் பண்டிகை, கோயில் கோபுர வேலை இழுத்துக்கொண்டே போனதில் தள்ளிக்கொண்டே வந்திருந்தது. தீபாவளி கழிந்த செவ்வாய்க்கிழமை, பொழுது சாயக் காப்புக் கட்டு என்று தண்டோரா போட்டார்கள். வெள்ளிக்கிழமை விமானம்!

காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள், பண்டிகை முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். பிரேசிலுக்குப் போய் ராத்திரிக்குத் திரும்பவா முடியும்? காப்பு அவிழ்ந்தபின் கிளம்பலாமென்றால் மகளின் லீவு முடிந்துவிடும்.

“யாரும்மா பாக்கப் போறாங்க? பேசாம வா” என்றாள் சுசித்ரா.

“ஆத்தா பாப்பா.”

“அப்ப வரமாட்டியா?”

பானுமதி போனை வைத்தாள். மறுநாள் காலையில் இட்லி கல்லாக இருந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். இருக்காதா பின்னே?

அன்றைக்கே, பண்டிகைக்குத் தேதி வைக்கிற ஊர்க்கவுண்டர் மாயவன் வீட்டுக்குப் போனாள். தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சப்போகிறாள் என்று நினைத்து, அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க மாமா. காப்புக் கட்டறப்ப ஊர்லயே இல்லாதவங்களுக்கு?”

“இல்லாதவங்கள எப்புடிம்மா கட்டறது? அவங்களுக்குக் கட்டு இல்ல.”

“அப்ப நான் ஊர்ல இல்லீங்க.”

“மாவிளக்கு யாரு எடுப்பா?” என்றார் மாயவன்.

கேட்கத்தான் செய்வார். வருஷம் தவறாமல் பானுமதி வீட்டு மாவிளக்கு அவள் தலையில்தான் போகும். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

“நான் எடுக்கறன்” என்றார் திருமால்.

“ஆம்பள மாவிளக்கு எடுத்தா ஊரே சிரிக்குங்க.”

“சிரிக்கட்டும். இத்தன வருசம் நான் ஊர் சுத்துனன், நீ தூக்குன. எனக்கென்ன, தலையா இல்ல? மாவு எப்புடி இடிக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடு.”

அப்படித்தான் அவள் செவ்வாய்க்கிழமையே கிளம்பினாள். மாரண்டஹள்ளியில் தங்கச்சி சசிகலா வீட்டில் தங்கிவிட்டு, அப்படியே ஓசூர் போய்ப் பெங்களூரில் விமானம் ஏறுவது என்று ஏற்பாடு. மறுநாள் பகலில் அந்தப் பக்கம் வந்த சாலம்மாள் கண்ணில் பட்ட போண்டாவின் கதை இதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயில் பக்கம் பம்பை மேளக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பானுமதி சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்ததைப் புருஷனுக்கு இன்னொருமுறை காட்டினாள். அவர் பெட்டியை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

“போய்ச் சேந்ததும் போன் பண்ணு. வழியில கண்டதத் தின்னாத.”

ஒவ்வொரு லோடுக்கும் அவள் அவருக்குச் சொல்லி அனுப்பிய பேச்சு அது. பானுமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

எதிர்வீட்டுச் சாலம்மாள் முறத்தோடு எழுந்தே நின்றுவிட்டாள். “ஏண்டி பானு, காப்புக் கட்டற நாளும் அதுவுமா எங்கடி கிளம்பிட்ட?”

“ஆத்தப் பாக்கக்கா.”

“இந்த வெயில்லயா? எந்த ஆறுடி?”

பானுமதி வாசலில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுத்த கரை தெரியுதான்னு பாத்துட்டு வந்து சொல்றங்க” என்றாள். சொல்லிவிட்டு, பம்பைச் சத்தம் ஏறுமுன்னே, பெட்டி கடகடவென்று பின்னால் உருள, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.