கதவில் ஒட்டிய பாதி அம்பு

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி போனஸ் எவ்வளவு வரும் என்ற பேச்சு கம்பெனி கம்பெனியாக ஓடிக்கொண்டிருந்த சமயம். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பீஸ்களை மேஜையில் விரித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்த டெய்லருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதை 'ஆல்டர்' என்போம். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறேன் என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் சரிதான்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. முழு அம்பையும் ஒட்டமாட்டேன். வெள்ளைத் துணியில் பசை பிடித்துக்கொண்டு, அதுவே புதிதாக ஒரு கறையாகிவிடும். அதனால் ஸ்டிக்கரைக் கிழித்து, முனையை மட்டும் ஒட்டுவேன். மற்ற மேஜைகளில் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

அந்தக் கம்பெனியில் பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசரிடம் சொன்னோம், எச்.ஆரிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, ஃப்ளோர் மேனேஜர் மட்டும் அந்த நடைபாதையிலேயே நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். அந்த வயிற்றெரிச்சலில்தான் இன்ஸ்டாகிராமில் பெயர் போடாமல் ஒரு பக்கம் தொடங்கினேன். 'புகார்ப் பெட்டி' என்று பெயர் வைத்தேன். முதல் படம் அந்தக் கதவுதான். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய ஓட்டையைக் காட்ட அங்கே ஒரு அம்பு ஒட்டிப் படம் எடுத்துப் போட்டேன். கைப்பழக்கம்; யோசித்துக்கூடச் செய்யவில்லை.

அடுத்த சம்பளத்துக்கு முன்பே தாழ்ப்பாள் வந்துவிட்டது. எங்களிடம் துணி வாங்கும், கம்பெனிக்கு வந்து ஆய்வு செய்யும் பையர் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு பெண்கள் அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பத் தொடங்கினார்கள். குடிக்கிற தண்ணீரில் நாற்றம், காய்ச்சல் என்றாலும் லீவு கிடையாது, இப்படி. யார் அனுப்பியது என்று காட்டாமல் ஒவ்வொன்றாகப் போட்டேன். பெயரைச் சொல்லத் தைரியமில்லாத கோழைகள் எழுதுவதை நம்பாதீர்கள் என்று எச்.ஆர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். நான் முதல் வரிசையில் நின்று தலையாட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொமரலிங்கத்திலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் பக்கத்து லைனில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவளிடமிருந்து ஒரு நாள் என் பக்கத்துக்கு மெசேஜ் வந்தது. சாம்பிள் தைக்க வேண்டும் என்று சொல்லி ஃப்ளோர் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிடுகிறாராம், தோளில் கை வைக்கிறாராம். இதைப் போட வேண்டாம், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது என்று முடித்திருந்தாள். தனியாகப் போகாதே என்று அந்தப் பக்கத்தின் சார்பில் பதில் எழுதினேன். மறுநாள் அவள் பீஸ்கள் என் மேஜைக்கு வந்தபோது, எதுவும் தெரியாதவள் மாதிரி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அவள் துணிந்துவிட்டாள். லைன் மொத்தமும் கேட்க, கையை எடுங்கள் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். மிஷின்கள் அப்படியே நின்றன. மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார்.

அந்த வாரமே 'புகார்ப் பெட்டி' என்ற பெயரில் இன்னொரு பக்கம் முளைத்தது. நான் வைத்திருந்த அதே படம், அதே பெயர். பெயரின் கடைசியில் மட்டும் ஒரு புள்ளி அதிகம். அதில் அவள் முகத்தை வேறு யாருடைய உடம்போடோ ஒட்டி, கீழே எழுதக் கூசும் வார்த்தைகளை எழுதியிருந்தார்கள். அவள் முகம் இருந்த படத்தைப் பார்த்ததுமே இது யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை வெட்டியபோது ஓரத்தில் விட்டுப்போன, அவளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த கிளிப்பச்சைத் துணி எங்கள் ஃப்ளோருக்கே வராதது. மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்ட சாம்பிள் ரூமில் மட்டும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தப் படம் எல்லா போனிலும் இருந்தது. புள்ளியை யார் கவனிக்கப் போகிறார்கள்? நம் பக்கமே போட்டிருக்கிறது, அப்படியென்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மற்ற லைன்களில் பேசிக்கொண்டார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு பீஸ் பார்ப்பது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது எங்களுடையது இல்லை என்று என் பக்கத்தில் எழுதினேன். எது போலி, எது அசல் என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அவமானம் தாங்காமல் ஹாஸ்டல் அறைகளில் பெண்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இந்த ஊரில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அங்கே போனேன். போனை அணைத்துவிட்டுக் கட்டிலின் இரும்புக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது, காலையில் வந்து கூட்டிக்கொண்டு போகிறார் என்றாள். அந்தப் பக்கம் நான் நடத்துவது இல்லை, இன்னொன்றுதான் என்னுடையது என்று சொல்லத்தான் போயிருந்தேன். கண்ணு, அந்தப் பக்கம் இருக்குதல்ல, என்று இழுத்தேன்.

"அது நீங்க இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லோணும்? கதவுல பாதி அம்புல்லங்க்கா ஒட்டியிருந்தீங்க. எங்க ஆல்டர்ல தெனமும் பாக்கறது தானுங்க. எங்க லைன்ல எல்லாத்துக்கும் அப்பவே தெரியுமுங்க்கா."

அந்த லைன் மொத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே. பெயரை மறைத்து என்னவோ சாமர்த்தியம் செய்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆல்டர் பீஸ் பக்கம் குனிந்தே பார்க்காத மேனேஜருக்கும் எச்.ஆருக்கும்தான் தெரியவில்லை. அந்தப் பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. எச்.ஆர் முந்தின நாளே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். புகார்ப் பெட்டி யாருடையது என்று சொல், உன் படத்தை உடனே எடுக்க வைக்கிறேன் என்றிருக்கிறார்.

"தெரியாதுன்னு சொல்லீட்டனுங்க்கா."

ஏங்கண்ணு அப்படிச் சொன்னே என்றேன்.

"உங்களைச் சொல்லீட்டா, அப்புறம் யாருங்க்கா எழுதுவாங்க?"

அழுதேன். அவள் அழவில்லை. வார்டனிடம் சொல்லிவிட்டு, அவள் அப்பா வரும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

காலையில் அவர் வந்தார். அமராவதிக் கரையில் நெல் போடுகிறவர். மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் பையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி, ஊருக்குப் போவதற்கு முன் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருவரையும் அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு இன்னொரு மனுவை எடுத்துக் காட்டினார். கம்பெனி கொடுத்தது. புள்ளி வைத்த பக்கம், புள்ளி இல்லாத பக்கம் இரண்டையும் ஒரே ஆள் நடத்துவதாகவும், ஆளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவள் மேல் சேற்றை அடித்துவிட்டு, அதே சேற்றைக் காட்டி என்னையும் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

நான் கிளிப்பச்சைத் துணியைப் பற்றிச் சொன்னேன். அது மட்டும் சாட்சியாக நிற்காது என்றார் எஸ்.ஐ. மேனேஜரைப் பற்றி இவள் முன்னாலேயே யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா என்று கேட்டார். சொல்லியிருக்கிறாள். அது என் போனில் இருந்தது. புகார்ப் பெட்டிக்கு அனுப்பியதாக மட்டும் அவள் சொன்னாள். அது உன் போனில் இல்லையா என்று எஸ்.ஐ கேட்டதற்கு, பயந்துபோய் அப்போதே அழித்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

பெயர் போடாமல் எழுதினால் குற்றமா மேடம் என்று கேட்டேன்.

"எழுதறது குத்தமில்லம்மா. இந்தப் பொண்ணுக்குச் செஞ்ச மாதிரி செஞ்சாத்தான் குத்தம். ஆனா அந்தப் பக்கம் உங்களுதுன்னு நீங்க காட்டினாத்தானே, இது வேற ஆளுன்னு நான் எழுத முடியும்? உங்க பேரும் அதுல வரும். மறைக்க முடியாது."

என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை நிலையில்லாமல் இருந்தது. இந்த வம்பு உனக்கு எதற்கு என்று அவர் கேட்கப்போவது அங்கேயே காதில் கேட்டது. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பெண் தன் மானம் போகும்போதுகூட என் பெயரைச் சொல்லவில்லை. போனைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். அவள் அப்பா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

ஒரு லைன் பெண்கள் மாதக்கணக்கில் காப்பாற்றிய பெயர், சாயங்காலத்துக்குள் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு எச்.ஆரைக் கூப்பிட்டபோது என் வாக்குமூலத்தைச் சொல்லித்தானே கேட்க முடியும்? மறுநாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. உள்ளே விட வேண்டாம்னு சொல்லீட்டாங்க, கோவிச்சுக்காதீங்க என்றார் வாட்ச்மேன். அதற்கடுத்து, லேபர் கான்ட்ராக்டர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்புகளில் என் போட்டோ சுற்றியது. இந்தப் பெண்ணை எடுக்காதீர்கள், கம்பெனியைக் காட்டிக் கொடுப்பவள் என்று எழுதியிருந்தது. அனுப்பியவருக்குப் பெயர் இல்லை. அதைக் கோழைத்தனம் என்று எந்த எச்.ஆரும் மீட்டிங் போட்டுச் சொல்லவில்லை.

போலிப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதைத் தொடங்கிய போன் நம்பர், எப்போதோ ஊருக்குப் போய்விட்ட ஒரு பீகார் பேக்கிங் தொழிலாளி பெயரில் இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார் நகல் கம்பெனியில் இருந்தது என்று மட்டும் சொன்னாராம். வழக்கு இன்னும் அங்கேயே நிற்கிறது. மேனேஜரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் தைக்கிறார்கள். தை மாதக் கல்யாணம் நடக்கவில்லை. அவளுடைய போனை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு முறை அவள் அம்மா போனிலிருந்து பேசினாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். இருக்கறனுங்க்கா என்றாள். நான் செய்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எல்லாச் சாமிகளையும் கேட்டாகிவிட்டது.

இப்போது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன பவர் டேபிளில் பிசிறு வெட்டுகிறேன். அங்கே என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை, சம்பளம் பாதி. என் பக்கத்தையும் மூடிவிட்டேன். பெயர் தெரிந்த பிறகு அதில் யார் எதைத் துணிந்து சொல்லுவார்கள்?

போன மாதம் என் மகள் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். புதிதாக ஒரு பக்கம். பெயர் வேறு. முதல் படத்தில் எங்கள் பழைய கம்பெனியின் குடிதண்ணீர்க் குழாய், அடியில் பாசி படிந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு, முனை மட்டும் கிழித்து ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா பயமாக இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சிலர், இது யார் வேலை என்று என்னிடமே கேட்டார்கள். தெரியாது என்றேன்.

அது உண்மைதான், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பெண் என்ன விலை கொடுத்தாள் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.