கிளட்ச் பிளேட்டுக்கு நான் போட்ட கூலி

ஒரு காலண்டர் அட்டை. அதன் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் நான் படம் போட்டிருந்தேன். சக்கரம் என்றால் பிரேக் வேலை, வட்டத்தட்டு என்றால் கிளட்ச், வாளி என்றால் ஆயில் மாற்றுவது. பக்கத்திலேயே கூலி. எழுத்துக்கூட்டிப் படிப்பதில்தான் எனக்குத் தடுமாற்றம், எண்ணில் கிடையாது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் வாசலுக்குத் தமிழ் பேசுகிறவரும் வருவார், தெலுங்கு பேசுகிறவரும் வருவார். படம் எல்லாருக்கும் புரிந்தது. இன்றைக்குப் போனிலேயே விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். எதற்கு எவ்வளவு என்று எனக்கு அதில் ஒன்றும் விளங்குவதில்லை.

என் வீட்டுக்காரர் திருப்பதியில் ஒரு ஷெட்டில் இருபது வருஷம் கார் வேலை செய்தவர். அங்கே முதலாளியின் ஏச்சு பொறுக்காமல் வந்து வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் நோவைச் சொல்லிவிடுவார். "எவ்வளவுண்ணா?" என்று கேட்டால் மட்டும் வாய் வராது. "பாத்துக் குடுங்க" என்பார். பார்த்தார்கள், கொடுக்கத்தான் இல்லை. ஒருத்தர் கூலிக்குப் பதில் திருமலை லட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மணிக்கு இவ்வளவு என்று வைத்துப் பார்த்தார். அது அதைவிட மோசம். பழகின கை, வேலை வெரசாக முடிந்தது, கூலி குறைந்தது. "வேணாமே, நான் அந்த ஷெட்டுக்கே போயிடறேன்" என்றார் ஒரு நாள். அங்கே அவர் தலைகுனிந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தவள். போக விடுவேனா?

நான் தறிக்காரி. எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: கூலி புடவைக்குத்தான், பொழுதுக்கு இல்லை. புட்டாப் பூ வைத்து நெய்தால் கொஞ்சம் கூட. சீக்கிரம் நெய்தால் என் சாமர்த்தியம். நூல் அறுந்து நாள் போனால் அது என் பாடு, வாங்குகிறவர் தலையில் கட்டக்கூடாது. அதையே காருக்கும் வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன கழற்ற வேண்டும், தப்பினால் எது கெடும், ஷெட்டில் என்ன வாங்குவார்கள் என்று அவரை உட்கார வைத்துக் கேட்டேன். ஷெட் வாடகை எங்களுக்கு இல்லை, அதைக் கழித்தேன். அவர் கைத்திறனைக் கழிக்கவில்லை.

அட்டையை மாட்டிய வாரமே ஒரு டாக்ஸிக்காரர் கிளட்ச் பிளேட் மாற்ற வந்தார். ஊர் நகரிதான், வண்டி ஓட்டுவது திருப்பதி மலையடியில், அலிபிரியில். நாற்காலி போட்டு உட்கார்ந்து, செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் வேலையை முடித்து ஜாக்கியை இறக்கிவிட்டார். டாக்ஸிக்காரர் அட்டையைப் பார்த்தார்.

"ஏமக்கா, அரை நாள் கூட ஆவல, முழு லேபரா? வாசல்ல படுத்துக்கினு செஞ்சதுக்கு?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் தறியை விட்டு எழுந்து வந்தேன்.

"அலிபிரிலருந்து காணிப்பாக்கத்துக்கு வாடகை பேசிக்கினு போறியே தம்பி, வெரசா போய்ச் சேத்துட்டா கொறச்சிக்குவியா?"

"அதெப்படிக்கா? தூரம் தூரம்தானே?"

"இதுவும் தூரம்தான்டா நைனா. இருபது வருஷ தூரம்."

சிரித்தார்; ஆனால் விடவில்லை. "போல்ட்டு துருப்பிடிச்சிக்கினு ரெண்டு நாள் இழுத்திருந்தா இன்னா பண்ணுவ?"

"அப்பவும் இதே கூலிதான். ஒரு பைசா ஏத்த மாட்டேன்."

டாக்ஸிக்காரர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுண்ணா. வேலை செஞ்சவன் நீ. எவ்வளவு?"

என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இதை நான் சொன்னால் ஆயுசுக்கும் நானேதான் சொல்லவேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். அட்டையைப் பார்க்காமலே முழுத் தொகையையும் சொன்னார், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

டாக்ஸிக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். "எங்க ஸ்டாண்டுல இன்னொரு வண்டி இருக்குதுண்ணா. நாளைக்கு அனுப்பட்டா?"

"வியாழக்கெழமைக்கு மேல அனுப்பு. அதுக்கு முன்ன எனக்குக் கை ஒழியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாழன் வரைக்கும் எங்கள் வாசலுக்கு ஒரு வண்டியும் வருவதாக இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனால் டாக்ஸிக்காரர், அண்ணனுக்கு வியாழன் வரைக்கும் கை ஒழியாதாம் என்று அலிபிரி பூராவும் போய்ச் சொன்னார். வியாழன் வருவதற்குள் அது நிஜமாகிவிட்டது.