சமையல்காரனின் ஏப்பம்

கல்யாண வீட்டில் சமையல்காரன் ஏப்பம் விடக் கூடாது. விட்டால், ஆள் பந்திக்கு முன்பே தின்றுவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். எனக்கோ பல மாதமாக ஏப்பம். பேசும்போது வரும், குனிந்து அடுப்பைத் தணிக்கும்போது வரும், சும்மா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் வரும். மேல்வயிற்றில் அம்மிக் குழவியை வைத்த மாதிரி ஒரு பாரம். ஏப்பம் விட்டால் சற்று இறங்கும், பிறகு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திண்டுக்கல்லில் வயிறு சரியில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது. ஆளுக்கொரு வைத்தியம். டீக்கடைக்காரர் சோடாவில் உப்பைப் போட்டு நீட்டினார். குடித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஏப்பம் வந்தது.

"பாத்தீகளா, கேஸ் அம்புட்டும் வெளிய வந்துருச்சு" என்றார்.

உள்ளே போன சோடாதான் வெளியே வந்தது. அதை அவரிடம் சொல்லவும் தெம்பில்லை. வீட்டில் மனைவி ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று சின்னாளபட்டிப் பக்கம் ஓர் அம்மாளிடம் அனுப்பினார். வயிற்றில் செரிக்காமல் சிக்கிக் கிடப்பதை ஊதியே வெளியே எடுப்பவராம். அவர் வயிற்றைத் தடவி, ஏதோ ஊதி, உள்ளங்கையை விரித்து ஒரு தேங்காய் நாரைக் காட்டினார். ஆயுசுக்கும் தேங்காய் அரைத்துக் கொட்டுகிறவன் நான், நாரையா தின்பேன்? ஆனாலும் அன்றைக்கு வயிறு லேசாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஏப்பமும் கூடவே எழுந்தது.

டாக்டரிடம் மட்டும் நான் போகவில்லை. காரணம் என் அண்ணன். அவரும் சமையல்காரர்தான். அவருக்கும் இப்படித்தான் ஏப்பத்தில் ஆரம்பித்தது. அவரும் சோடா குடித்தார், ஓமம் குடித்தார், தொக்கம் எடுத்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரைப்பையில் புற்று முற்றியிருந்தது. ஊருக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்ட மனுஷன் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தார். எனக்கும் அதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பயமாக இருந்தது. டாக்டர் வாயால் கேட்காதவரைக்கும் அது வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே என்று நாளைத் தள்ளினேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சமையற்கட்டுக்குள் வந்து, சாம்பார் தயாரா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஏப்பம் வந்தது. நீளமாக வந்தது.

"ஏனுங்க மாஸ்டர், எங்களுக்கு முந்தியே பந்திய முடிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். காய் நறுக்குகிற பெண்களும் சிரித்தார்கள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு என் வயிற்றுக்குள் போனது டீயும், இடுப்பு வலி மாத்திரையும், வெற்றிலைச் சாறும்தான். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை சமையல்காரன் கை நனைக்க மாட்டான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அதை மீறியதில்லை. கடைசிப் பந்தி எழும்போது தாளிப்பு வாடையிலேயே பசி செத்திருக்கும். அன்றைக்கும் நான் சாப்பிடாமலேயே பஸ் ஏறினேன். அழுகை வந்தது. இந்த வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து அழ முடியாது என்பதால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அதைச் சொன்னதும் மனைவி கொடியில் கிடந்த சட்டையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறோம். நீங்க வராட்டி நான் மட்டும் போயி, ஒங்க வயித்த வீட்ல விட்டுட்டு வந்துருக்கேன்னு சொல்றேன்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். முடிவுக்காக வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில், அண்ணன் கடைசியாக ஆக்கிய கல்யாணம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் வரவில்லை.

புற்று இல்லை. புண்தான். வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரை ஒரு பக்கம், டீ, பாக்கு, நேரங்கெட்ட சாப்பாடு, கிடைத்ததை நின்றபடி அள்ளிப் போட்டு அதோடு காற்றையும் விழுங்குவது இன்னொரு பக்கம். கிருமியும் இருக்கலாமாம், அதற்குத் தனியாக ஒரு பரிசோதனை. மருந்தைக் கொடுத்துவிட்டு, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் இந்த மருந்தாலும் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொன்னார். படியிறங்கும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை.

அடுத்த கல்யாணத்துக்கு அவளும் கூடவே வந்தாள். சமையற்கட்டு மூலையில் ஒரு நுனியிலையை விரித்து, சாதத்தை வைத்து, என்னை உட்காரச் சொன்னாள். வெளியே முதல் பந்திக்கு இன்னும் இலை போடவில்லை. நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அங்கேயே நின்றார். கரண்டிச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

அண்ணனாக இருந்தால் அந்த நிமிஷமே இலையை மடித்திருப்பார். என் கையும் இலை விளிம்புக்குத்தான் போனது.

"ரசம் ஊத்து" என்றேன் மனைவியிடம்.